கடைசி வரிசை அக்கா

செருப்பைக் கழற்றி நாற்காலிக்கடியில் தள்ளிவிட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்ததும் கேள்வி ஆரம்பமாகிவிடும். "நிறுத்து. இது உனக்கு எப்படித் தெரியும்?" பேச வந்தவன் அப்போது தலைப்பைக்கூட வாசித்து முடித்திருக்க மாட்டான்.

விண்வெளி ஆய்வுக்கூடத்தில் இவர் எல்லோருக்கும் அக்கா. அங்கேயே செய்தி மடல் எழுதும் எனக்கு மட்டும் அண்ணி, அண்ணன் மனைவி. புதிதாகச் சேரும் ஆராய்ச்சியாளர் யாரானாலும் முதல் மேடைக்கு முன் இவரிடம் ஒத்திகை பார்த்தே ஆக வேண்டும். அது கூடத்தின் விதி அல்ல, அண்ணி வைத்த சட்டம். குடைந்து எடுத்துவிடுவார். கண் கலங்கினால் தண்ணீர் பாட்டிலை நீட்டுவார். "குடி. குடிச்சிட்டு மறுபடி முதல்லேருந்து சொல்லு." வீட்டிலும் இதே கூத்துதான். சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று அண்ணன் வாய் தவறிச் சொன்னால், "எதோட ஒப்பிட்டுச் சொல்றீங்க?" பாவம் மனுஷன், இப்போதெல்லாம் தலையை மட்டும் ஆட்டுகிறார்.

போன மாதம் 'மியூட்' மாட்டிக்கொண்டான். வாயைத் திறந்தாலும் சத்தம் வராததால் கிடைத்த பெயர். நிலவின் இருண்ட பள்ளம் ஒன்றில் பனிக்கட்டி இருக்கிறது என்பது அவன் கண்டுபிடிப்பு. அவன் வேலையை நீட்டிப்பதா என்பதை, உரையைக் கேட்டுத்தான் குழு முடிவு செய்யும். ஒத்திகையில் ஒரு படத்தை மட்டும் தபால்தலை அளவில் ஓரமாகப் போட்டு, வேகமாகத் தாண்டினான்.

"நில்லு. அது என் கட்டுரையில வந்த படம்தானே?"

அவன் முகம் வெளுத்துவிட்டது. அந்தப் பள்ளத்தில் பனி இல்லவே இல்லை என்று பல வருடங்களுக்கு முன் அடித்துச் சொன்னவர் அண்ணிதான். அவர் பேரெடுத்ததே அந்தக் கட்டுரையால்தான். பனி தங்க முடியாத அளவுக்குப் பள்ளத்தில் சூடு என்று அவர் கணக்கிட்டதில், அளந்த கருவியின் சொந்தச் சூடும் கலந்திருந்ததை இவன் கண்டுபிடித்திருக்கிறான்.

"அப்போ தப்பு என்னோடது?"

"ஆ... ஆமாக்கா."

"அப்புறம் எதுக்கு ஒளிச்சு வைக்கிற? திரை முழுக்கப் போடு. சத்தமா சொல்லு."

எனக்கே பகீர் என்றது.

உரை நாளன்று போட்டான், திரை முழுக்க. குழுத் தலைவர் முகத்தைச் சுளித்தார். அவனை விட்டுவிட்டு நேராகப் பின்னால் திரும்பினார். "என்னம்மா இது? உங்க முடிவே தப்புங்கிறான். நீங்க என்ன சொல்றீங்க?" எல்லார் தலையும் கடைசி வரிசைக்குத் திரும்பியது. அண்ணி ஒரு வார்த்தை சொன்னால் போதும், பையன் பிழைத்துக்கொள்வான். சொல்லித் தொலைக்கக் கூடாதா என்று எனக்குத் தவிப்பு.

அண்ணி கையை நீட்டி மேடையைக் காட்டினார். "கண்டுபிடிச்சது அவன். அவனையே கேளுங்க."

மியூட் தொண்டையைச் செருமினான். பிறகு பேசினான் பாருங்கள், மைக்கே தேவைப்படவில்லை! சூடு எங்கே கலந்தது, அதை எப்படிப் பிரித்தான், பிரித்தபின் என்ன மிஞ்சியது, எல்லாம் பிசிறில்லாமல் வந்தன. தலைவர் விடாமல் கேள்வி போட்டார். அண்ணி கேட்காத கேள்வியா? ஒன்றுக்கும் அவன் அசரவில்லை. இரண்டு பேரையும் நினைத்து எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைசியில் தலைவரே சிரித்துவிட்டார். "சரிதான்ப்பா. அடுத்த வருஷமும் இங்கேயே இரு."

அதற்குப் பிறகுதான் அண்ணி நீட்டிய கையை இறக்கினார்.