ஜினசேனன் ஏற்றிவிட்ட ஹாரன்கள்

செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் என் ஜெராக்ஸ் கடை. அதை ஒட்டி ஜினசேனனின் கார் ஷெட். நடுவில் ஒரு தகரத் தடுப்பு மட்டும்தான். தகரத்தை நம்பிக் கடை வைக்கக் கூடாது என்பதை அனுபவித்துச் சொல்கிறேன்.

அம்பாசடர், பத்மினி, கான்டெஸா, பழைய மாருதி. பெரிய சர்வீஸ் சென்டர்களில் 'பார்ட்ஸ் வராது' என்று கையை விரித்த வண்டிகள் எல்லாம் கடைசியில் அவரிடம்தான் வரும். கம்ப்யூட்டரும் இல்லை, மெஷினும் இல்லை. ஓடுகிற இன்ஜின் மீது நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஊன்றுவார். அதன் மரப்பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். ஆசிரமத்தில் உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்காரர்கள்கூட அப்படி மூடியிருக்க மாட்டார்கள். "மூணாவது வால்வு தட்டுது" என்பார். பிரித்துப் பார்த்தால் மூன்றாவது வால்வுதான். 'ஜினசேனன் காதுக்குத் தப்பாது' என்று டிரைவர்கள் சொல்லிக்கொள்வார்கள்.

பரம சாது. தலைமுறை தலைமுறையாக இந்தப் பக்கத்து ஜைனக் குடும்பம். எந்த வண்டியையும் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பானெட்டைத் தட்டிவிட்டுச் சற்று நிற்பார். உள்ளே அணிலோ பூனைக்குட்டியோ இருந்தால் ஓடிப் போகட்டும் என்பதற்காக. பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார். அதனால் அவர் மனைவி ஜெயமதி தினமும் வெயில் தாழும் நேரத்தில் டிபன் கேரியரோடு ஷெட்டுக்கு வந்துவிடுவார். வந்தவர் புருஷனைக் கூப்பிட மாட்டார். அவர் குனிந்து வேலை செய்யும் காரை விரலால் தட்டுவார், அவர் நிமிர்வார். என்ன நாகரிகம், என்ன மரியாதை என்று நான் அதிசயப்பட்டிருக்கிறேன். எனக்கு அவ்வளவுதான் புத்தி.

இந்தச் சாதுவிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எந்த ரிப்பேருக்காக வண்டி வந்தாலும் சரி, திருப்பி அனுப்பும்போது ஹாரனை ஏற்றிவிடுவார். பழைய ஹாரனின் பின்பக்கம் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைத் திருகினால் சத்தம் கூடும்.

"ஹாரன் ரொம்ப கம்மியா இருந்துச்சுங்க, எவனுக்கும் கேக்காது. ஏத்தி உட்டிருக்கேன். அது இனாம்" என்று மெல்லிய குரலில் சொல்வார்.

அந்த இனாமால் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஒவ்வொரு வண்டியும் அலறிக்கொண்டுதான் ஷெட்டை விட்டுக் கிளம்பும். ஆசிரமத்து மயில்கள் பதிலுக்குக் கத்தும். எத்தனையோ தடவை நேரில் போய்ச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் சிரித்தபடி தலையாட்டினார். மறுநாள் அடுத்த வண்டி அலறியது. வாய் பேசாத திமிர் என்று முடிவு கட்டி வைத்திருந்தேன்.

போன பௌர்ணமிக்கு முந்தின நாள். கிரிவலக் கூட்டம் வரத் தொடங்கியிருந்தது. ஜினசேனன் பிரேக் வேலை முடித்த வெள்ளை அம்பாசடர் ஒன்று ஷெட்டிலிருந்து ரோட்டுக்கு இறங்கியது. பூக்காரர் பலராமன் சைக்கிளில் கூடையோடு போய்க்கொண்டிருந்தார். டிரைவர் ஹாரன் அடித்தார். அவ்வளவுதான். கார் அவர் மீது படவே இல்லை. மனுஷன் அப்படியே துள்ளி, சைக்கிளோடு கால்வாய்க்குள் விழுந்தார். மல்லிப்பூ எல்லாம் சாக்கடையில். மணிக்கட்டு எலும்பு முறிந்து கை ஒரு பக்கமாகத் தொங்கியது.

ஜினசேனன்தான் முதலில் ஓடி வந்து தூக்கினார். பலராமன் வலியில் கத்தினார்: "உன் ஹாரன்தாயா! உன் ஹாரன்தான் என்னைக் கொன்னுச்சு!"

ஜினசேனன் தலையாட்டினார். "பிரேக்கு புடிக்கலயா? பிரேக்கா?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "என் கை வேலையால ஒரு உசுருக்கு அடிபட்டிருந்தா, இனிமே ஸ்பேனர தொடமாட்டேன்மா."

வாய்க்கு வந்ததைச் சொல்கிற ஆள் இல்லை அவர். நியமம் என்று ஒரு விரதத்தை எடுத்துக்கொண்டால் விட மாட்டார். ஷெட்டுக்குத் திரும்பிய அந்த அம்பாசடரை விட்டு அதன்பின் அவர் நகரவில்லை. நான்கு சக்கரத்தையும் கழற்றி, பிரேக்கைப் பிரித்து, மாட்டி, மறுபடி பிரித்தார். தப்பு எதுவும் அகப்படவில்லை. அகப்படாததில் இன்னும் பயந்துபோனார். எனக்குப் பொறுக்கவில்லை. தகரத்தைச் சுற்றிக்கொண்டு போய் நின்றேன்.

"பிரேக்க உடுங்கண்ணா! ஹாரன்! ஹாரன்தான்!"

வழக்கம்போல என் வாயையே பார்த்துவிட்டுத் தலையாட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கார் ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஹாரனை அழுத்திப் பிடித்தேன். என் காதே அடைத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஜெயமதி வாசலில் வந்துகொண்டிருந்தார். டிபன் கேரியரைக் கீழே போட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். ஷெட் முன்னால் இருந்த புங்கமரத்துக் காக்கைகள் மொத்தமாகக் கிளம்பின. படுத்திருந்த நாய் ரோட்டுக்கு ஓடியது.

ஜினசேனன் மட்டும் அசையாமல் நின்றார். மரத்தைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், சிந்திக் கிடந்த சோற்றைப் பார்த்தார். கடைசியில் காதைப் பொத்தியிருந்த மனைவியைப் பார்த்தார். மெதுவாக வந்து என் கையை விலக்கிவிட்டு, தானே ஹாரனை அழுத்தினார். ஜெயமதி மறுபடி காதைப் பொத்தினார்.

"எனக்கு சைக்கிள் மணி மாதிரிதான கேக்குது" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காது கேட்காதவர் என்றால் உரக்கப் பேசுவார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இவர் பூனை மாதிரிப் பேசுகிறவர். இன்ஜினுக்குள் வால்வு தட்டுவது கேட்கிற மனிதருக்கு, ஊரே அலறுகிற ஹாரன் கேட்கவில்லை என்றால் யார்தான் நம்புவார்கள்? அவருக்கே தெரிந்திருக்கவில்லை. ஜனங்கள் எல்லாம் செல்போனில் பேசிப் பேசிக் குரலைக் குறைத்துக்கொண்டார்கள் என்று நினைத்திருக்கிறார்.

அன்றே ஷெட்டைப் பூட்டிவிட்டார்.

வேலூரில் ஒரு காது டாக்டரிடம் நானும் ஜெயமதியும் அவரை அழைத்துப் போனோம். டாக்டர் ஓர் இரும்பு இசைக்கவையைத் தட்டிக் காதருகே பிடித்தார். ஜினசேனன் உதட்டைப் பிதுக்கினார். அதே கவையைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். காதுக்குள் இருக்கும் குட்டி எலும்பு இறுகிவிட்டதாம். காற்றில் வரும் சத்தம் உள்ளே போகாது, எலும்பு வழியாக வந்தால் நன்றாகவே கேட்கும். தன் குரல் தனக்குள் பெரிதாகக் கேட்பதால் இப்படிப்பட்டவர்கள் மெதுவாகத்தான் பேசுவார்களாம். ஸ்க்ரூ டிரைவர் இத்தனை வருஷமும் அவரை ஏமாற்றியிருக்கிறது.

ஆபரேஷன் பற்றிப் பிறகு யோசிக்கலாம் என்று சொல்லி, இப்போதைக்கு ஒரு காது மெஷினை மாட்டிவிட்டார்கள். மின்விசிறிச் சத்தத்துக்கே ஜினசேனன் திடுக்கிட்டார். வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தோம்.

"நான் பேசறது கேக்குதா?" என்றார் ஜெயமதி.

"கேக்குது ஜெயா. நல்லா கேக்குது."

நான் சந்தோஷப்பட்டேன். ஜெயமதியின் முகத்தில் அந்தச் சந்தோஷம் இல்லை.

"அக்ஷயாவ கோயம்புத்தூர் ஹாஸ்டல்ல சேக்கலாமான்னு கேட்டேனே. அது கேட்டுச்சா?"

அக்ஷயா அவர்களுடைய ஒரே பெண். மூன்றாவது வருஷம் படிக்கிறாள். பண்டிகைக்கு மட்டும்தான் வருவாள்.

"எப்ப கேட்ட?" என்றார் அவர்.

"ஷெட்லதான். சாப்பாடு போட்டுகினே கேட்டேன். தலையாட்டினீங்க."

அவர் காது மெஷினை ஒரு தடவை தொட்டுக்கொண்டார். "நீயே முடிவு பண்ணிட்டன்னு இருந்தேன். எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலயேன்னு... அவள பஸ் ஏத்திட்டு வந்து ஷெட்ல குந்திகினு அழுதேன்."

"வேணாம், இங்கயே படிக்கட்டும்னு நீங்க சொல்லுவீங்கன்னுதாங்க நான் கேட்டதே."

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. நான் சொன்னதற்கெல்லாம் அவர் ஆட்டிய தலை அப்போது ஞாபகம் வந்தது. எனக்கு நஷ்டம் கொஞ்சம் தூக்கமும் தலைவலியும்தான். அந்த அம்மாள் பெண்ணையே அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

மெஷின் வந்தபிறகும் ஷெட் திறக்கவில்லை. பிரேக் தப்பில்லை, ஹாரன் அவருடைய கை வேலைதானே? நியமம் நியமம்தான் என்றுவிட்டார். பழைய வண்டிக்காரர்கள் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். கடைசியில் பலராமனே மாவுக்கட்டுப் போட்ட கையோடு வந்து, அவரை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு ஷெட் வாசலில் நிறுத்தினார்.

"நீ பூட்டிகினு குந்திகினா என் கை ஒட்டிக்குமா? நீ ஏத்தி உட்டது ஊரெல்லாம் கத்திகினு சுத்துது. இன்னும் எவன் எந்தக் கால்வாய்ல உழறதுன்னு இருக்கான். அத எறக்க யாருயா இருக்கா? ஸ்பேனர தொடாத, ஸ்க்ரூ டிரைவரத் தொடு!"

ஜினசேனன் பூட்டைத் திறந்தார்.

இப்போது ஒவ்வொரு வண்டியாகக் கூப்பிட்டு ஹாரனை இறக்கிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் நின்று ஹாரன் கேட்டால் மெஷின் காதைக் கிழிக்கிறது என்று அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். பிறகு எந்த அளவு சரி என்று எப்படித் தெரியும்? எதிரே ஒரு பழைய டயர் மீது ஜெயமதியை உட்கார வைத்திருக்கிறார். டிரைவர் ஹாரன் அடிப்பார். இவர் திருகைத் திருகிக்கொண்டே மனைவியின் முகத்தைப் பார்ப்பார். அந்த அம்மாளின் நெற்றிச் சுருக்கம் போனதும் நிறுத்திவிடுவார்.

நேற்று சாயங்காலம் ஒரு பத்மினிக்கு இப்படி நடந்துகொண்டிருந்தது. நான் தகரத்துக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அக்ஷயா போன் பண்ணா. படிச்சு முடிச்சதும் பூனாவுல வேல தராங்களாம். போகட்டுமான்னு கேக்கறா" என்றார் ஜெயமதி.

ஜினசேனனின் தலை பழக்கதோஷத்தில் பாதி அசைந்தது. நடுவில் நின்றது. ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துவிட்டு, பையிலிருந்து மெஷினை எடுத்துக் காதில் மாட்டினார். ஹாரன் மீது கை வைத்திருந்த டிரைவரை இறங்கச் சொன்னார். டயர் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார்.

"இன்னொரு தபா சொல்லு" என்றார்.