வெள்ளைப் பின்னணி

"கையை எடு மனுஷா. பசை அப்பின கையைப் பார்த்தா எவன் இத்தாலிச் செருப்புன்னு நம்புவான்?"

உரென்னா சீறியதைச் சந்தையில் பாதிப் பேர் கேட்டார்கள். அவள் புருஷன் எமெனிக்கே அசையவில்லை. புதுச் செருப்பைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"கை இல்லாம செருப்பு காத்துலயா நிக்கும்? செஞ்சவன் நான். மூஞ்சியும் வரட்டும், எடு."

"மூஞ்சி வந்தா விலை பாதியாயிடும்."

"கல்யாணத்தன்னிக்கு இந்த மூஞ்சிக்குத்தானே சரின்னே?"

"அன்னிக்குக் கரண்ட் இல்ல."

பக்கத்துக் கடைக்காரிகள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். படத்தை எடுத்துவிட்டு அவள் வீட்டுக்குப் போனாள், அவனை அழிக்க.

நைஜீரியாவின் ஆபா நகரத்தில் செருப்புத் தைக்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை, வாங்குகிறவர்களுக்குத்தான் கிராக்கி. லாகோஸ்காரன் போனில் படம் பார்த்து வாங்குவான். படத்தில் பட்டறை தெரிந்தால், தகரக்கூரை தெரிந்தால், ஆபா சரக்கா என்று மூக்கைச் சுளிப்பான். பின்னால் வெள்ளையாக இருந்தால் வாய் திறக்காமல் காசு அனுப்புவான். இதைக் கண்டுகொண்ட உரென்னா ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி, கிளாடிஸின் கடைக்குப் படம் வெட்டப் படிக்கப் போனாள். கிளாடிஸ் அவள் வயதுக்காரி. கல்யாணப் பத்திரிகை, சாவு போஸ்டர் எல்லாம் அவள்தான் அடித்துக் கொடுப்பாள்.

முதல் வாரம் மவுஸ் என்கிற எலியைப் பிடிப்பதே பெரும்பாடு. செருப்பைச் சுற்றிக் கோடு போடச் சொன்னால் கோடு வாருக்குள் புகுந்து குதிகாலைத் தின்றுவிடும். "இதுக்குக் கசாப்புக் கத்தியே தேவலாம்" என்று திட்டிக்கொண்டே பழகினாள். வெளிப்பக்கத்தை அழிப்பது, வெளிச்சத்தை ஏற்றுவது, போனில் சட்டென்று திறக்கும்படி படத்தைச் சின்னதாக்குவது எல்லாம் மெல்ல மெல்லக் கைக்கு வந்தது. கிளாடிஸ் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"முதல்ல நகல் எடு. நகல்லதான் வெட்டணும். அசலைத் தொடாதே."

"உன் கடையில ஜெனரேட்டர் ஓடுது, நீ பேசுவே" என்றாள் உரென்னா.

அவள் வீட்டில் கரண்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். போவதற்குள் முடிக்க வேண்டும். பழைய கம்ப்யூட்டர் பெட்டியில் இடமும் கிடையாது. அதனால் அசலிலேயே வெட்டி, சின்னதாக்கி, அதே பேரில் சேமித்துவிடுவாள். போனிலும் இடம் வேண்டுமே, அதிலிருந்தும் துடைத்துவிடுவாள். மறுநாள் சரக்குக்கு மறுநாள் படம்.

எமெனிக்கேக்கு இது விளையாட்டாகிவிட்டது. ஒருநாள் செருப்பைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்பான், ஒருநாள் காதருகே போன் மாதிரி பிடித்துக்கொள்வான். சாயங்காலம் வந்து அவள் தோளுக்குமேல் எட்டிப் பார்த்து, "இன்னிக்கு என்னை எங்கே போட்டே?" என்பான்.

"குப்பையில."

"பத்திரமா போடு. நாளைக்கும் வருவேன்."

மூன்று வருஷம் இப்படி ஓடியது. வீட்டுக்கு ஓடு வந்தது, மகள் செவிலியர் படிப்பு முடித்தாள். அப்புறம் ஒரு காலையில், செருப்புக் கட்டையில் மாட்டிய தோலை இழுத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தவன் அப்படியே அதன்மேல் சாய்ந்தான். ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

கிராமத்திலிருந்து அவன் அண்ணன் அமாதி வந்தான்.

"எங்க வீட்டு மருமகளே, தம்பியோட நல்ல படமா ஒண்ணு கொடு. வாசல்ல ஆள் உயரத்துக்குக் கட்டணும். முகமில்லாத சாவுக்கு எவன் வருவான்?"

உரென்னா கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தாள். பழுப்புச் செருப்பு, கறுப்புச் செருப்பு, வெள்ளை, வெள்ளை, வெள்ளை. எல்லாமே சுத்தமாக இருந்தன. ஆள் இல்லை.

கல்யாண ஆல்பம் எப்போதோ மழை வெள்ளத்தில் கூழாகிப் போயிருந்தது. மகள் போன மாதம்தான் புதுப் போன் வாங்கியிருந்தாள், அதில் அப்பா இல்லை. அமாதியின் போனில் ஒரு விருந்துப் படம் இருந்தது. அதில் முன்னால் நின்ற ஒருத்தியின் தலைத்துணி எமெனிக்கேயை மூக்குவரை மறைத்திருந்தது. வாக்காளர் அட்டையில் இருந்தது முகம் மாதிரியே இல்லை, கரித்துண்டு மாதிரி இருந்தது. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளாடிஸிடம் ஓடினாள்.

"அழிச்சதைத் திரும்பக் கொண்டு வா. நான் தப்பா வெட்டினா ஒரு பொத்தானை அழுத்திப் பழையபடி ஆக்குவியே, அப்படிக் கொண்டு வா."

"அது படத்தைச் சேமிச்சு மூடாம இருக்கிறவரைக்கும்தான். நகல் எங்கே?"

உரென்னா வாக்காளர் அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

கடைசியில் அட்டை முகத்தையே எடுத்து வேறு உடம்பில் ஒட்டுவதென்று ஆயிற்று. எல்லாரும் செய்வதுதான். அமாதி, ஊர் கூடிப் பட்டம் கொடுத்த பிரபுக்கள் மட்டும் போடும் சிவப்புத் தொப்பியோடு ஒரு உடம்பைக் காட்டினான்.

"பட்டம் வாங்காதவன் தலையில சிவப்புத் தொப்பியா? ஊர்ப் பெரியவங்க போஸ்டரைக் கிழிச்சு உங்க மேலேயே எறிவாங்க" என்றாள் உரென்னா.

கோட்டுப் போட்ட உடம்பு வந்தது. தடித்த கழுத்து, மோதிரம் போட்ட விரல். எமெனிக்கே ஆயுசில் கோட்டுப் போட்டதில்லை. வந்தவர்கள் அந்தப் போஸ்டரைப் பார்த்து மாரடித்து அழுதார்கள். உரென்னாவுக்கு அழுகை வரவில்லை. யாரோ ஒரு ஆளின் சாவுக்கு வந்த மாதிரி இருந்தது. கல்நெஞ்சுக்காரி என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள்.

அடக்கம் முடிந்து, துக்கத்துக்கு உடுத்தும் கறுப்புத் துணியோடு வீட்டில் உட்கார்ந்தவள் படங்களைக் கடைசியிலிருந்து முதலுக்கு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவன் கை எங்கே இருந்தது, தாடை எங்கே இருந்தது என்று வெள்ளையில் விரலால் தடவிப் பார்த்தாள். வேலை தெரிந்த பிறகு செய்த படங்களில் ஒரு மயிர்கூட மிச்சமில்லை. அவ்வளவு கெட்டிக்காரி.

ஆரம்பத்தில் செய்த படங்கள் அப்படியில்லை. ஓரமெல்லாம் எலி கடித்த மாதிரி இருந்தன. அதில் ஒன்று குறுக்குவார் வைத்த செருப்பு. சுற்றியிருந்ததை அழித்தவளுக்கு வாருக்கு நடுவிலிருக்கிற ஓட்டையையும் அழிக்க வேண்டும் என்று அப்போது தெரிந்திருக்கவில்லை. இரண்டு வாருக்கும் இடையில் விரல்நகம் அளவுக்கு ஒரு முக்கோணம். அதில் கொஞ்சம் நரைத்த தாடி, உதட்டின் ஒரு கோடி. கோடி மேலே ஏறியிருந்தது. சிரிக்கிறான்.

பெரிசாக்கினாள். சதுரம் சதுரமாக உடைந்து ஒன்றுமில்லாமல் போயிற்று. மறுபடி சின்னதாக்கினாள், வந்தான். அப்போதுதான் அவள் வாய்விட்டு அழுதாள். பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்து பார்த்தாள், திரையில் ஒரு செருப்புதான் இருந்தது.

மறுநாள் சந்தையில் கம்ப்யூட்டர் சாமான் விற்கிறவனிடம் போனாள்.

"படம் வைக்க ஒரு பென்டிரைவ் கொடு. கெட்டுப் போகாததா கொடு."

"எத்தனை படம் அம்மா?"

"ஒண்ணு."

"ஒண்ணுக்கு எதுக்குங்க இது? போன்லயே வைக்கலாமே."

"போனை நான் நம்பல. என் கையையும் நம்பல. இருக்கிறதிலயே பெரிசை எடு."

எடுத்துக் கொடுத்தான். அவள் பேரம் பேசவில்லை. ஒரு ஜோடிச் செருப்பின் விலை, ஒன்பதாயிரத்து ஐந்நூறு நைரா.