ஒரே கேபிளில் மேலும் கீழும்

ஜிபிஎஸ் வேலை செய்யவில்லை என்றால் எங்கள் ஊரில் ஆன்டெனாவை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்; நேராக சாட்டிலைட்டைத்தான் திட்டுவார்கள். காரைக்கால் தருமபுரத்தில் நான் எலக்ட்ரானிக்ஸ் பட்டறை வைத்திருந்த காலம் அது. மனைவி மங்கை குவைத்தில் நர்ஸ். வீட்டில் ஒருவரைக் கடல் தாண்டி அனுப்பிவிட்டு இங்கே வேலையைக் கட்டிக்கொண்டு அழுதவர்களுக்கு இதெல்லாம் விளக்கவே வேண்டாம்.

முட்டிக்காதா?

மண்டபத்தூர் கலியபெருமாள் விசைப்படகு ஓட்டுபவர். அவருடைய ஜிபிஎஸ் பெட்டி அடிக்கடி கருகி வரும். படகின் உச்சியில் இருக்கும் ஆன்டெனாவுக்குள் சிக்னலைப் பெருக்க ஒரு சின்ன சர்க்யூட் உண்டு. அதற்குக் கரண்டு, சிக்னல் இறங்கும் அதே கேபிள் வழியாகத்தான் ஏற வேண்டும். கேபிள் மூட்டில் உப்புத்தண்ணீர் புகுந்தால் ஷார்ட், பெட்டியே போய்விடும்.

ஆன்டெனாவுக்குத் தனியாகக் கரண்டு கொடுக்க ஒரு போர்டு செய்கிறேன் என்றேன். கரண்டைக் காயில் என்ற கம்பிச்சுருள் வழியாக ஏற்றி, அது பெட்டிக்குள் போகாமல் ஒரு கெப்பாசிட்டரால் தடுப்பதை வரைந்து காட்டினேன். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரே ஒயர்ல கரண்டு மேல போவுது, சிக்னல் கீழ வருதுங்கறீங்க. நடுவழியில ரெண்டும் முட்டிக்காதா தம்பி?"

வெள்ளிக்கிழமை போன்

மங்கை வெள்ளிக்கிழமைதான் கூப்பிடுவாள். வியாழக்கிழமையே எனக்குக் கை ஓடாது. பேச ஆரம்பித்தால் மனசில் இருப்பது வாய்க்கு வராது, சர்க்யூட்தான் வரும். அன்றைக்கும் அப்படித்தான். ஷார்ட் ஆனால் போர்டு கரண்டை நிறுத்திவிடும், சற்றுப் பொறுத்து மறுபடி கொடுத்துப் பார்க்கும், சரியாகும்வரை அப்படியே செய்துகொண்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"கோவிச்சுக்கிட்டு நின்னுட்டாலும் அதுவா திரும்பி வந்து பாக்குதா? உங்களவிட அது தேவலங்க."

அமிர்தம் கேட்டது

போர்டை மாட்டிக்கொண்டு போன கலியபெருமாள், காற்று பலமான ஒரு நாளில் மற்ற படகுகளோடு திரும்பவில்லை. அவர் மனைவி அமிர்தம் பட்டறைக்கு வந்துவிட்டார். "அந்தப் பெட்டி எரிஞ்சிருக்குமாங்க?" என்றார். எரியாது என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. பட்டறையைப் பூட்டிவிட்டு அவரோடு கரைக்குப் போனேன். எந்தப் படகு தெரிந்தாலும் எழுந்து நிற்பார், பிறகு உட்கார்ந்துகொள்வார்.

மறுநாள் மத்தியானம் இன்னொரு படகு அவர்களை இழுத்து வந்தது. இன்ஜின் நின்று, அலையில் கேபிள் நனைந்து, சாட்டிலைட் எல்லாம் திரையிலிருந்து போய்விட்டதாம். மூட்டைத் துடைத்துக் காயவைத்ததும் தானாகத் திரும்பி வந்திருக்கிறது. இருக்கும் இடத்தை வயர்லெஸ்ஸில் சொல்லி உதவி கேட்டிருக்கிறார்கள். கலியபெருமாள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அமிர்தம் முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி என்னைப் பார்த்தார்.

"அவரு எங்க இருக்காருன்னு அவருக்குத் தெரிஞ்சிடுச்சு, சரி. கரையில நிக்கறவளுக்கு யாருங்க சொல்றது?"

லைன் கிளியர்

அந்த வெள்ளிக்கிழமை சர்க்யூட் பேச்சே எடுக்கவில்லை. கரையில் நின்றதைச் சொன்னேன். மங்கை, "எப்ப வருவேன்னு எல்லாரும் கேக்குறீங்க. வந்துடுன்னு ஒருத்தரும் சொல்லலியே" என்றாள். கான்ட்ராக்ட் முடியட்டும், வீடு கட்டி முடியட்டும் என்று வழக்கமாகச் சொல்வதையெல்லாம் விட்டுவிட்டேன்.

"வந்துடு மங்கை" என்றேன்.

அன்றைக்கு லைன் பக்கத்து வீட்டிலிருந்து பேசுவதுபோல அவ்வளவு தெளிவாக இருந்தது.

"சரியா கேக்கலீங்க. இன்னொருதரம் சொல்லுங்க."

அவள் வந்து சேர அடுத்த தை ஆகிவிட்டது. அதுவரை நாளை எண்ணிக்கொண்டே நான் செய்த போர்டுகளில் பாதியைப் பிரித்து மறுபடி செய்ய வேண்டியிருந்தது என்றால், காத்திருந்து பார்த்தவர்களுக்குப் புரியும்.