கயிற்றுக்கு ஓரணா

ஆரப்பாளையத்தில் எங்கள் தெருவுக்கு அப்போது குழாய் வரவில்லை. எல்லா வீட்டுக்கும் ஒரே பொதுக் கிணறு. ஒரு கோடையில் பக்கத்துத் தெருவில் வாந்திபேதி கண்டதும் எங்கள் தெருவில் கூட்டம் போட்டார்கள். கிணற்றில் கயிறு போடும் ஒவ்வொரு வீடும் மாதம் ஓரணா தருவது, அதைக் கொண்டு சுவரைப் பூசி, பலகை மூடி போட்டு, வாரம் ஒரு முறை மருந்து கரைப்பது என்று முடிவாயிற்று. பள்ளியில் படித்தவள் என்பதால் பெண்களிடம் வசூலிக்கும் வேலை எனக்கு வந்தது. காசு தராதவர்கள் கயிறு போடக்கூடாது என்ற விதியைச் சொன்னவளும் நான்தான். அன்று அது நியாயமாகத்தான் பட்டது.

மருந்து போட்ட அன்று தண்ணீர் கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும். எதிர்வீட்டில் நெல் குத்திப் பிழைத்தவள் என் குடத்தை எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

“ஏக்கா, இந்தச் சாயத்தண்ணிக்கு ஓரணாவா? அம்புட்டுக்கு நான் எங்க போவேன்? வைகையில ஊத்துத் தோண்டுனா எந்த ஆத்தாளும் காசு கேக்க மாட்டா.”

“அப்ப அங்கயே போ,” என்றேன்.

போனாள். ஊற்றுக்கு மேலே துணி வெளுப்பதும் மாடு கழுவுவதும் எனக்குத் தெரியாததல்ல. அந்தத் தண்ணீர் அவள் வீட்டோடு நின்றுவிடும் என்று நினைத்தேன். ஒன்பது வயதான என் மகள் நாள் முழுதும் அந்த வீட்டுப் பெண்ணோடுதான் பாண்டி ஆடுவாள். தாகம் எடுத்தால் தெருவைத் தாண்டி வந்தா குடிப்பாள்?

அவளுக்கும் வாந்திபேதி கண்டது. மூன்று நாள். கண் குழிந்து, குரல் அடைத்து, கால் சதை சுருட்டிக்கொள்ள என் குழந்தை கிடந்ததை இன்றும் என்னால் முழுதாக எழுத முடியவில்லை. அத்தனை நேரமும் அதன் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு இருந்தவள் எதிர்வீட்டுக்காரி.

“என் பானையிலதான் குடிச்சுச்சுக்கா,” என்று ஒரு தடவை சொன்னாள்.

மகள் பிழைத்தாள். அடுத்த கூட்டத்தில் நான் எழுந்து, வண்டிப்பேட்டை வைத்திருந்தவரைக் காட்டிப் பேசினேன். அத்தனை மாடுகளுக்கு இறைக்கும் அவரும் ஓரணாதான் தருகிறார். இறைப்பவர்கள் இறைப்பதற்குத் தக்கபடி தரட்டும், இல்லாதவர்கள் சும்மா எடுக்கட்டும் என்றேன்.

“சொந்தப் புள்ளைக்கு வந்ததும் தருமம் பேசுறீகளாக்கும்?” என்றார் அவர்.

“ஆமாண்ணே,” என்றேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “நாலணா. அதுக்கு மேல கேக்கப்படாது,” என்றார்.

மறுநாள் எதிர்வீட்டு வாசலுக்குப் போய், கிணற்றுக்கு வரச் சொன்னேன்.

“உலை கொதிக்குதுக்கா. பெறகு வாரேன்,” என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

அவள் குடத்தை எடுக்கும்வரை நான் அங்கேயே நின்றேன்.