மூன்று வேகனும் லாரன்ஸ் அண்ணன் சொன்ன விதியும்

"இன்னா டீச்சர், வேகன இஸ்துகினு வந்து லைன்ல தள்றதுக்கு டாக்டர் பட்டமா?"

எழுபதுகளில், ராயபுரத்தில், என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இது!

கேட்டவர் லாரன்ஸ் அண்ணன். துறைமுக யார்டில் சரக்கு வேகன்களைப் பிரித்துக் கோக்கும் ஷண்டிங் வேலை. அவர் கொடியைத் தூக்கினால் எஞ்சினே நடுங்குமாம் (சொன்னது அவரேதான்).

கேள்வி எனக்கு. குத்தல் அவர் தங்கை ஸ்டெல்லாவுக்கு!

நான் அப்போது திருவொற்றியூரில் கணக்கு டீச்சர். அவர்கள் வீட்டு மாடியில் குடியிருந்தேன். ஸ்டெல்லா என் வயதுதான், என் தோழி. ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள்.

எந்த வேகனை முதலில் எடுப்பது, எங்கே தள்ளுவது என்று கம்ப்யூட்டரே யோசித்துத் திட்டம் போட வேண்டும். இதுதான் ஆராய்ச்சி.

(இன்று உங்கள் போனில் ஓடுகிறதே செயற்கை நுண்ணறிவு, அது தவழ்ந்துகொண்டிருந்த காலம்!)

அந்தக் கம்ப்யூட்டருக்குத் துளை போட்ட அட்டைகளைக் கட்டாகக் கொடுக்க வேண்டும். பதில் மறுநாள்தான் வரும்.

ஸ்டெல்லாவுக்கு வந்த பதில், மூன்று மாதமாக ஒன்றே ஒன்று: "வழி இல்லை."

அவளுடைய பேராசிரியர் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லிவிட்டார். "மூணு வேகனையே வரிசைப்படுத்த முடியலன்னா எப்படிம்மா? மாசக் கடைசிக்குள்ள நடக்கலன்னா வேற தலைப்பு எடுத்துக்க."

மூன்று வருட உழைப்பு! மீதி இருந்தது பத்து நாள்.

பிரச்சினை என்னவென்று ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன் (ரிட்டையர் ஆனாலும் இந்தப் பழக்கம் போகவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்).

ஒரு பக்கம் அடைத்த ரயில் பாதை. கையில் வளையல் போடுவது போலத்தான். முதலில் போட்டது உள்ளே போய்விடும்.

அந்தப் பாதையில் உள்ளே உப்பு வேகன், நடுவில் உரம், வெளியே சிமெண்ட் நிற்க வேண்டும்.

மெஷினுக்கு முதல் கட்டளை: உரத்துக்கு வெளியே சிமெண்ட். சமர்த்தாக உரத்தைத் தள்ளி, சிமெண்டையும் தள்ளிவிடும்.

இரண்டாவது கட்டளை: உரத்துக்கும் உள்ளே உப்பு. அவ்வளவுதான், நின்றுவிடும்! நிறுத்திய இரண்டையும் வெளியே எடுக்காமல் உப்பு எப்படி உள்ளே போகும்?

"உப்ப முதல் கட்டளையா குடுத்துடேன்!" என்றேன். என் கணக்கு மூளைக்கு அவ்வளவுதான் எட்டியது.

"போடி! எந்த வரிசையில குடுத்தாலும் அதுவா யோசிக்கணும். நானே யோசிச்சுக் குடுக்கறதுக்கு மெஷின் எதுக்கு?"

"சரி, வெச்சத எடுத்துட்டு வைக்கச் சொல்லேன்."

"கூடாது. யார்டு விதி." நோட்டைத் திறந்து காட்டினாள். முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில்: 'நிறுத்திய வேகனைக் கலைக்கக் கூடாது.'

"யார் சொன்னது?"

"அண்ணன்தான்!"

ஞாயிற்றுக்கிழமை காலை. சர்ச்சில் பூசை முடிந்து, யார்டுக்கு மேலே இருக்கும் நடைமேம்பாலம் வழியாக வந்துகொண்டிருந்தோம். கீழே லாரன்ஸ் அண்ணன் டூட்டியில் இருந்தார்.

ஒரு வேகனை உள்ளே தள்ளினார். விசில்.

அதே வேகனை வெளியே இழுத்தார். விசில்!

பக்கத்து லைனில் விட்டார். வேறொன்றைத் தள்ளினார். பழையதைத் திரும்பக் கொண்டுவந்து சொருகினார்.

நாங்கள் நின்ற நேரத்தில் நான்கு முறை! ஸ்டெல்லா ஜெபப் புத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டு விரல் விட்டு எண்ணினாள்.

டீ குடிக்க மேலே ஏறி வந்தவரை மடக்கினாள்.

"இன்னாண்ணா, வெச்சா வெச்சதுதான், கலைக்கவே மாட்டோம்னு சொன்ன?"

"ஆமா. அதுக்கு இன்னா இப்போ?"

"இப்போ நீ பண்ணது இன்னா?"

"அத்த எங்கம்மா கலைச்சேன்? அந்தாண்ட வுட்டுட்டு, திருப்பி இட்டாந்தேன்."

"அதுக்குப் பேரு இன்னா?"

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "வேல!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஸ்டெல்லா சிரிக்கவில்லை. "இத்த நம்பி மூணு மாசம் போச்சே!" என்றாள்.

அண்ணன் முகம் மாறிவிட்டது. "நம்ம கெத்துக்கு ஒரு வார்த்த சொன்னா, நீ அத்த சட்டமா எழுதிக்குவியா? படிச்ச பொண்ணுதானே நீ!"

திங்கட்கிழமை, அட்டைக் கட்டைப் பிரித்து, அந்த விதி இருந்த அட்டையை உருவினாள். 'தேவைப்பட்டால் எடு, பிறகு மறக்காமல் திரும்ப வை' என்று புது அட்டைகள் சேர்த்தாள்.

மறுநாள் வந்தது பதில். வழக்கம்போல் உரத்தையும் சிமெண்டையும் தள்ளிவிட்டு, இந்த முறை நிற்காமல் மேலே போயிருந்தது. சிமெண்டை வெளியே எடு. உரத்தை வெளியே எடு. உப்பைத் தள்ளு. உரத்தைத் தள்ளு. சிமெண்டைத் தள்ளு.

கட்டளைகளை எப்படி மாற்றிக் கொடுத்தாலும் உப்பு, உரம், சிமெண்ட்!

பேராசிரியர் தலைப்பை மாற்றச் சொல்லவில்லை. ஸ்டெல்லா டாக்டர் ஸ்டெல்லா ஆனாள்.

அந்தத் தாளை அண்ணனிடம் வாசித்துக் காட்டினோம். "எடுத்து எடுத்து வெக்கிதே! இன்னாம்மா உன் மெஷினு, வேல தெரியாத மெஷினு!" என்றார் (தானும் அதையேதான் செய்கிறார் என்பதைக் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை!).

நண்பர்களே, ஒன்று செய்து பாருங்கள். வீட்டில் நன்றாகச் சாம்பார் வைப்பவரிடம் எப்படி என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நாளை அவர் வைக்கும்போது பக்கத்தில் நின்று, எழுதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.