போர்டில் எழுதக் கூடாத விலை

கிரைண்டர் விற்கிறவனின் வாய் ஒரு விலை சொல்லும், போர்டு ஒரு விலை சொல்லும். உத்திரமேரூர் மாதிரி ஊரில் கடை வைத்திருக்கும் சகாக்களே, உங்களுக்கும் இதே கதிதான். ஐயாயிரத்துக்குக் குறைத்து போர்டிலோ நோட்டீஸிலோ வாட்ஸ்அப்பிலோ போட்டால் சரக்கை நிறுத்திவிடுவோம் என்கிறது கம்பெனி. கடைக்குள் வந்தவருக்கு நாலாயிரத்து இருநூறுக்குக் கொடுத்தால் மட்டும் ஒன்றும் சொல்லாது.

வாசல் வரை வந்தவர்

சாலவாக்கத்திலிருந்து ஓர் அம்மா, ஒருநாள் களையெடுப்பை விட்டுவிட்டு மகளுக்குச் சீர் வாங்க வந்தார். போர்டைப் படித்தார், அப்படியே திரும்பிவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை ஓடி, கம்பெனி ரூலைச் சொல்லி, எண்ணூறு குறைத்துத் தருவதாகக் கூட்டி வந்தேன். கிரைண்டரை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, மூச்சு வாங்கும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அத்த போர்டுலயே எழுதறதுக்கு இன்னா நைனா, சாக்பீஸ் தீந்துபூட்ச்சா?"

அரை நிமிட வீடியோ

மானாம்பதிக்காரர் ஒருவர், நான் விலை சொல்வதைச் செல்லில் பிடித்து ஊர் குரூப்பில் போட்டுவிட்டார். நல்ல மனுஷன், எனக்கு வியாபாரம் பெருகட்டும் என்றுதான் போட்டார். சாயங்காலமே கம்பெனி ரெப் வந்து நின்றார். ஆவணியில் வரிசையாகக் கல்யாணம். சரக்கு நின்றால் கடையைப் பூட்ட வேண்டியதுதான். கையைப் பிடித்துக் கெஞ்சினேன். அவருக்கும் மேலே ஒருத்தர் இருக்கிறார், பாவம்.

"அண்ணே, நீங்க வாயால சொன்னா வியாபாரம், வீடியோவுல வந்தா விளம்பரம். அடுத்த தடவை என்னால காப்பாத்த முடியாது."

போனில் கேட்டவர்

அதற்கப்புறம் போனில் யார் கேட்டாலும் ஐயாயிரம்தான். ரெக்கார்டு பண்ணிவிடுவார்களோ என்று பயம். ஒருவர், "கூலிக்காரன் சார், கொஞ்சம் பாத்து சொல்லுங்க" என்றார். நேரில் வாங்க என்றாவது சொல்லியிருக்கலாம். அதுகூடச் சொல்லாமல் வைத்துவிட்டேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் சாலவாக்கத்து அம்மா மறுபடி வந்தார். பின்னால் தயங்கித் தயங்கி அவர் தம்பி. போன் பண்ணியது அவர்தானாம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, தலையைக் குனிந்துகொண்டேன். அம்மா தம்பி பக்கம் திரும்பிச் சொன்னார்.

"போன்ல சொன்னது கம்பெனி வெலடா. நம்ம வெல நேர்ல வந்தாதான் கீது. இன்னா பண்ணுவாரு, அவுரு பொயப்பும் ஓடணுமில்ல."

என் போர்டில் இன்றைக்கும் ஐயாயிரம்தான் இருக்கிறது. குறைந்த விலை, சாலவாக்கம் பஸ்ஸில் டிக்கெட் எடுத்து வந்து இறங்குகிறது.