நான்கு துண்டு நுளம்பு வலை

செய்தி வந்தபோது என் வலது கை முழங்கை வரைக்கும் உப்புத் தண்ணீருக்குள் இருந்தது. மீன் தொட்டியின் கண்ணாடியில் படிந்திருந்த பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது, ஈரக் கையோடு எடுக்க மனமில்லாமல் விட்டேன். உடனே மறுபடியும் அடித்தது. என் மனைவி புவனா எடுத்துக் கேட்டாள், பிறகு என் பக்கம் திரும்பி, "கிண்ணியாவில இருந்து ரஷீத் நானா கதைக்கிறார். ஹம்சியா சிஸ்டர் போயிட்டாவாம்" என்றாள். ரஷீத் நானா சிஸ்டரின் கணவர். சிஸ்டர் மூன்று மாதமாக நோயில் இருந்தவர். இந்தச் செய்தி வரும் என்று தெரியாதவனல்ல நான். இருந்தும் அழுகைக்கு முன் எனக்குக் கோபம்தான் வந்தது. ஐம்பத்து மூன்று ஒரு வயதா?

ஜனாஸா நல்லடக்கம் அன்று பின்னேரமே நடந்தது. மையவாடிக்கு வெளியே நின்ற கூட்டத்தில் பாதிப் பேர் எப்போதோ அவரிடம் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டவர்கள். இதை வாசிக்கிற உங்களிலும் அப்படிப் பலர் இருப்பீர்கள். ஆஸ்பத்திரியின் கண் வாட்டில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்த சிஸ்டரை உங்களுக்குத் தெரியும். குறிஞ்சாக்கேணியில் அவருடைய வீட்டு முன்னறையில் இருந்த கடல்நீர்த் தொட்டியைப் பற்றிக் கொஞ்சப் பேருக்குத்தான் தெரியும். அதைச் சொல்ல வேண்டியவன் நான். அவரிடம் அதிகம் பேச்சு வாங்கியவனும் நான்தான்.

முப்பது வருடம் துறைமுகத்தில் மின்விளக்குகளுக்குப் பொறுப்பாக இருந்தேன். இறங்குதுறையில் ஊசி விழுந்தாலும் தெரிய வேண்டும் என்பது என் கட்சி. ஓய்வு பெற்ற கையோடு கண்புரைக்குச் சத்திரசிகிச்சை செய்தார்கள். அடுத்த நாள் கட்டை அவிழ்க்க வந்தவர் ஹம்சியா சிஸ்டர். அறை மங்கலாக இருந்தது. "சன்னலைத் திறவுங்கோ பிள்ளை, ஒண்டும் தெரியேல்ல!" என்று சத்தம் போட்டேன்.

"கட்ட அவிழ்த்த உடனே சன்னலத் திறக்க ஏலாது அண்ணன். கண் கூசி இன்னும் இறுக்கி மூடிக்கொள்ளும். ஒண்டொண்டாத்தான்" என்றார் அவர்.

திரைச்சீலையை விரலகலம் நீக்கினார். கால்மணித்தியாலம் கழித்து இன்னும் கொஞ்சம். அந்தக் கண்ணால் நான் முதலில் தெளிவாகக் கண்டது, மேசையில் சாத்தி வைத்திருந்த அவருடைய போனில் ஒரு படம். காளான் குடை மாதிரி ஒன்று, மேலெல்லாம் பொன்னிறத்தில் சின்னச் சின்னப் பூக்கள். என்ன பூ என்று கேட்டேன். "பூ இல்ல அண்ணன், முருகைக்கல். என்ட ஊட்டுத் தொட்டியில இரிக்கு" என்றார். கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். முருகைக்கல் என்றால் காலைக் கிழிக்கிற பவளப் பாறை என்று மட்டுமே தெரிந்திருந்தது.

இரண்டு மாதத்தில் என் வீட்டிலும் ஒரு தொட்டி வந்துவிட்டது. கொழும்பில் தொட்டியிலேயே வளர்த்து வெட்டி விற்பவர் ஒருவரிடமிருந்து சிஸ்டர் வாங்கிப் பெருக்கிய முருகையில் ஒரு துண்டை எனக்குத் தந்தார். கல்லாக இறுகாத, தோல் மாதிரி மெதுவான வகை அது. மேலே பூவாகத் தெரிகிற ஒவ்வொன்றும் ஓர் உயிர். நடுவில் வாய், சுற்றி எட்டுக் கைகள். பொலிப்பு என்று புத்தகத்தில் போட்டிருக்கும். சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு பாசி குடியிருந்து, வெளிச்சத்தில் உணவு செய்து அதற்கும் பங்கு கொடுக்கும். ஆகவே வெளிச்சம்தான் அதற்குச் சோறு.

முதலில் நான் வைத்திருந்தது சாதாரண விளக்கு. ஒரு மாதத்தில் பூக்கள் விரல் நீளத்துக்கு வளர்ந்து ஆடின. எனக்குத் தலைகால் தெரியவில்லை. சிஸ்டருக்கே படம் எடுத்து அனுப்பினேன். வேலை முடிந்து போகிற வழியில் வந்து, தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்து வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் நீண்டிரிக்கு. ஆனா இது சந்தோசத்தில விரியல்ல அண்ணன். வெளிச்சம் காணாம எட்டிப் பாக்குது. பசி" என்றார்.

வெளிச்சம் போதாது என்று என்னிடம் ஒருவர் சொல்வதா? எனக்குச் சுருக்கென்றது. அடுத்த நாளே கடையில் இருந்ததிலேயே பெரிய விளக்கை வாங்கிப் பூட்டி, கூட்டிக் குறைக்கும் திருகைக் கடைசி வரைக்கும் திருப்பினேன். முன்னறை இறங்குதுறை மாதிரி ஆனது. ஒரு மணித்தியாலத்துக்குள் பூக்கள் எல்லாம் உள்ளே போய்விட்டன. நாலாம் நாள் தண்டு வெளிறியது. இரண்டு கிழமையில் அழுகிக் கரைந்தது.

வெட்கத்தோடு போன் எடுத்தேன். அவர் ஏசவில்லை. "உங்களுக்குக் கூசினா வாட்டே அதிரச் சத்தம் போடுவீங்க. அதுக்குச் சத்தம் இல்ல, மூடித்தான் காட்டும். மூடினத நீங்க பாக்கல்லயா?" என்றார். பார்த்தேன். இன்னும் வெளிச்சம் வேண்டுமாக்கும் என்று நினைத்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

அதன் பிறகு இன்னொரு துண்டு கேட்கும்போதெல்லாம் சிரித்துவிட்டு, "முதல்ல உங்கட அவசரத்தக் குறைங்க" என்பார். மூன்று வருடம் அப்படியே போனது. நான் மீனை மட்டும் வளர்த்தேன். ஒரு முறை கடல் கொந்தளித்து அடங்கிய பிறகு நிலாவெளிக் கரையில் ஒரு முருகைத் துண்டு உயிரோடு ஒதுங்கிக் கிடந்தது. ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு, பஸ் ஏறும்போதே போனில் அவருக்குப் பெருமையாகச் சொன்னேன். "எங்க நிக்கிறீங்க? இறங்குங்க. கடல்ல இரிந்து ஒண்டும் எடுக்கக் கூடாது, சட்டமும் அதுதான். அதுட ஊட்டில கொண்டு போய் விட்டுட்டு வாங்க" என்றார். கரை ஒதுங்கினதுதானே என்று வாதாடிப் பார்த்தேன். கடைசியில் அறுபது வயது தாண்டிய மனிதன், சாக்கும் கையுமாக அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனேன். கொண்டக்டர் சிரித்ததை இன்னும் மறக்கவில்லை.

அவர் வீட்டில் விளக்கு மாற்றிய நாளில் நான் அங்கே இருந்தேன். புது விளக்கின் வெளிச்சம் கூசாமல் இருக்க, பழைய நுளம்பு வலையில் நான்கு துண்டு வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக விளக்குக்குக் கீழே கட்டினார். "முருகைக்கு நுளம்பு கடிக்குமோ?" என்று பகிடி விட்டேன். "ஓம், உங்களை மாதிரி ஆக்கள் கடிக்காமத்தான்" என்றார். முருகை நாலைந்து நாள் சேர்ந்தாற்போல் முழுதாக விரிந்தால் மட்டும் ஒரு துண்டைக் கழற்றுவார். நாள்காட்டியைப் பார்த்துக் கழற்றக் கூடாது, அதன் முகத்தைப் பார்த்துத்தான் கழற்ற வேண்டும் என்பார்.

அவர் போய்ப் பத்தாம் நாள் ரஷீத் நானா என் வாசலில் ஒரு மூடி வாளியோடு நின்றார். படகு எஞ்சின் திருத்துகிறவர். கிழமையில் பாதி நாள் புல்மோட்டையில் நிற்கிறவர். "தொட்டியப் பாக்க எனக்கு ஏலாது அண்ணன். அவ செல்லிட்டுத்தான் போனா, பெரிய முருகைய அண்ணனுக்குக் குடுங்க, லைற்ற மட்டும் அவர்ட கையில விடாதீங்க எண்டு" என்றார். சிரித்தோம். பிறகு இரண்டு பேராலும் சிரிக்க முடியவில்லை. வாளிக்குப் பக்கத்தில் ஒரு மருந்துப் பெட்டி. அதற்குள் மடித்த நான்கு துண்டு நுளம்பு வலை.

படத்தில் கண்ட அதே தாய் முருகை. ஒரு துண்டையே கொன்றவனிடம் முழுவதையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். வலையை நான்கு அடுக்காகக் கட்டி, திருகைக் குறைத்து வைத்தேன். ஆனாலும் முருகை சுருங்கியது. ஒரு பூவும் வெளியே வரவில்லை. மேலே மெழுகு பூசியது மாதிரி மங்கலாக ஒரு தோல் படிந்தது.

ரஷீத் நானா வெள்ளிதோறும் ஜும்ஆத் தொழுகை முடித்து வந்தார். செருப்பைக் கழற்றும்போதே, "பூத்திச்சா அண்ணன்?" என்று கேட்பார். இன்னும் இல்லை என்பேன். மூன்றாம் வெள்ளி தொட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்தவர், "அவட கை இல்லாம இது திறக்காது போல" என்றார். தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போனார்.

அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. அவருக்கு அது முருகைக்கல் அல்ல என்று எனக்குத் தெரியும். அதுவும் என் வீட்டில் கரைந்து போனால் அவர் முகத்தில் எப்படி முழிப்பேன்? கொஞ்சம் வெளிச்சம் கூட்டிப் பார்த்தால் என்ன என்று கை தானாகத் திருகுக்குப் போனது. பின்னால் நின்ற புவனா, "மூடினதை நீங்கள் பாக்கேல்லையோ?" என்றாள். அன்றைக்குப் போனில் சிஸ்டர் கேட்ட கேள்வி, எப்போதோ இவளிடம் சொன்னது. இவளுக்கு எப்படி ஞாபகம் இருந்தது! கையை எடுத்துவிட்டேன். அந்தக் கிழமை முழுதும் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு கடினமான வேலையைத் துறைமுகத்தில் நான் செய்ததில்லை.

ஐந்தாம் நாள் அந்த மங்கல் தோல் ஓர் ஓரத்தில் கிழிந்து தண்ணீரில் ஆடியது. அடுத்த நாள் முழுதாகக் கழன்று போனது. செத்துக்கொண்டிருந்தது என்று நான் நினைத்தது, பழைய தோலைக் கழற்றிக்கொண்டிருந்திருக்கிறது. வெள்ளி காலையில் குடையின் ஓரத்தில் ஏழெட்டுப் பூக்கள். மத்தியானத்துக்குள் மேலெல்லாம் பொன்னிறம். போன் எடுக்கவில்லை. வந்து பார்க்கட்டும் என்று விட்டேன்.

ரஷீத் நானா செருப்பைக் கழற்றினார். வழக்கமான கேள்வியைக் கேட்க வாயெடுத்தவர், தொட்டியைக் கண்டு நின்றார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டப் போனார். "நல்லா வளந்த பிறகு இதில வெட்டி நாலு பேருக்குக் குடுக்க ஓணும் அண்ணன். அவட ஆசை அது" என்றார். கொடுப்போம் என்றேன். வாங்குகிறவர்களுக்கு நான்கு துண்டு வலையும் வெட்டிக் கொடுப்பதாக இருக்கிறேன். உங்களில் யாருக்காவது வேண்டுமானால் வந்து கேளுங்கள். ஆனால் உடனே தர மாட்டேன்.

ஹம்சியா சிஸ்டரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பவை பார்க்கிற ஒரு கண், பூத்த ஒரு முருகை, நான்கு துண்டு வலை. இன்னொன்றும் இருக்கிறது. அது என்னிடம் வந்துவிட்டது என்று அந்த வெள்ளிக்கிழமைதான் எனக்கே தெரிந்தது. தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு ரஷீத் நானா விளக்கை அண்ணாந்து பார்த்தார்.

"முதல் வலைய எப்ப கழட்டப் போறீங்க?"

"அவசரமில்லை நானா" என்றேன்.

குசினிக்குள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த புவனா, தண்ணீரை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.